பன்னிரண்டு ஜோடியும் ஓர் ஆய்தமும்: வாசகர் கேள்வி – பதில்

எழுத்து அட்டை விளையாட்டுகளைப் பற்றி மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் இருந்து வந்த கேள்விகளை இந்த இதழில் சேர்த்துத் தருகிறோம். ஒரே கேள்வி பல கடிதங்களில் வந்திருந்தால் ஒன்றை மட்டும் எடுத்திருக்கிறோம்.

கேள்வி: மகனுக்கு மூன்றரை வயது. உயிரெழுத்து அட்டைப் பெட்டி ஒன்று வாங்கினோம். பன்னிரண்டு எழுத்தும் இரண்டிரண்டாக 24 அட்டை. கவிழ்த்துப் பரப்பி ஜோடி தேடச் சொன்னால் இரண்டு தரம் புரட்டிவிட்டு எல்லாவற்றையும் கலைத்து எறிகிறான். இந்த விளையாட்டுக்கு இது வயது இல்லையா? — தாய், ஆரையம்பதி

வயது சரிதான், எண்ணிக்கைதான் கூடிப்போயிற்று. 24 அட்டை கவிழ்ந்து கிடக்கும்போது முதல் முறை புரட்டும் இரண்டும் ஜோடியாக இருக்க 23இல் ஒரு வாய்ப்புத்தான் உண்டு. ஆறு அட்டை என்றால் ஐந்தில் ஒன்று. மூன்றரை வயதுப் பிள்ளைக்கு அடுத்தடுத்துப் பத்துத் தரம் வெறுங்கை என்றால் அது விளையாட்டே இல்லை. அவன் எறிந்ததில் குற்றம் காண முடியாது.

மூன்று எழுத்தோடு தொடங்குங்கள். அ, ஈ, ஓ என்று உருவத்திலும் ஒலியிலும் ஒன்றுக்கொன்று தூரமானவையாக எடுங்கள். அ–ஆ, எ–ஏ, ஒ–ஓ ஆகியவற்றில் ஒரு சிறு கோடோ சுழியோதான் வித்தியாசம். இரண்டையும் தனித்தனியே அடையாளம் தெரிந்த பிறகே ஒரே ஆட்டத்தில் சேர்க்க வேண்டும். நெடுங்கணக்கின் வரிசைப்படி போக வேண்டும் என்ற கட்டாயம் அட்டை விளையாட்டில் இல்லை.

முதலில் ஆறையும் நிமிர்த்தி வைத்து, “இதைப் போல இன்னொன்று எங்கே?” என்று கேளுங்கள். அது சலித்ததும் மேல் வரிசை மூன்றை நிமிர்த்தி, கீழ் வரிசை மூன்றைக் கவிழ்த்து வையுங்கள். ஆறையும் கவிழ்ப்பது அதற்குப் பிறகு. அவன் தடுமாறாமல் முடிக்கத் தொடங்கினால் ஒரு நேரத்தில் ஒரு எழுத்தை மட்டும் கூட்டுங்கள். நான்கு வயதில் ஆறு ஜோடி போதும். ஐந்து வயதில் எட்டு, நன்றாக விளையாடும் பிள்ளைக்குப் பன்னிரண்டு.

அட்டை கிடக்கும் இடமும் முக்கியம். இந்த விளையாட்டில் பிள்ளை மனதில் வைப்பது எழுத்தை மட்டுமல்ல, அது கிடந்த இடத்தையும்தான். புரட்டிய அட்டையைத் திரும்ப வைக்கும்போது நாலு விரல் தள்ளி வைத்துவிட்டால் அந்த ஞாபகம் வீணாகிவிடும். சீமெந்துத் தரையில் சோக்கால் கட்டங்கள் கீறி, கட்டத்துக்கு ஓர் அட்டை வையுங்கள். அட்டை எப்போதும் தன் கட்டத்துக்கே திரும்ப வேண்டும். மின்விசிறியை நிறுத்துங்கள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் திண்ணையில் பரப்பினால் பாதி முற்றத்தில்தான் கிடக்கும்.

எல்லாவற்றுக்கும் மேலான விதி ஒன்று உண்டு: எந்த அட்டையைப் புரட்டினாலும் அதன் சத்தத்தை வாயால் சொல்ல வேண்டும். சொல்லாமல் பொருத்தினால் பிள்ளை இரண்டு கோலங்களைப் பொருத்துகிறான். அதை எழுத்தே தெரியாத பிள்ளையும் செய்யும், பெரியவர்களை விடக் கெட்டித்தனமாகவும் செய்யும். ஜோடி சேர்ந்ததைப் பார்த்துப் பெற்றோர் ‘எழுத்துப் பிடித்துவிட்டான்’ என்று நம்பி ஏமாறுவது இங்கேதான்.

கேள்வி: பேத்தியிடம் ‘அ’ அட்டையைக் காட்டி “இது ஆனா” என்று சொல்லிக் கொடுத்தேன். படத்தோடு பொருத்தச் சொன்னால் ‘அ’வுக்குப் பக்கத்தில் ஆட்டுப் படத்தை வைக்கிறாள். எத்தனை தரம் திருத்தினாலும் அதையேதான் செய்கிறாள். — அப்பப்பா, காரைதீவு

உங்கள் பேத்தி சரியாகத்தான் கேட்டிருக்கிறாள். ‘ஆனா’ என்ற பெயர் ஆ என்ற ஒலியில்தானே தொடங்குகிறது? அந்த ஒலியில் தொடங்கும் ஆட்டை எடுத்து வைத்தது அவளுடைய காதின் கூர்மை.

எழுத்துகளுக்கு நாம் சொல்லும் பெயர்களை வரிசையாகப் பாருங்கள்: ஆனா, ஆவன்னா, ஈனா, ஈயன்னா, ஊனா, ஊவன்னா, ஏனா, ஏயன்னா, ஓனா, ஓவன்னா. அ, இ, உ, எ, ஒ என்ற ஐந்து குறில்களின் பெயர்களும் நெடில் ஒலியில் தொடங்குகின்றன. பெரியவர்களுக்கு இது காதில் விழுவதே இல்லை, அவ்வளவு பழகிவிட்டோம். படத்தின் முதல் ஒலியைப் பிடித்து எழுத்தோடு சேர்க்கும் விளையாட்டில் இந்தப் பெயர்கள் பிள்ளையை நேரே பக்கத்து எழுத்துக்குக் கொண்டுபோய் விட்டுவிடும்.

மெய்யெழுத்திலும் இதே கதைதான். ‘இக்’, ‘இங்’, ‘இச்’ என்று சொல்லிக் கொடுத்தால் பதினெட்டு மெய்யும் ‘இ’யில் தொடங்குவதாகத்தான் பிள்ளைக்குக் கேட்கும். க் அட்டைக்கு இலையை வைத்தால் வியப்பதற்கு ஒன்றுமில்லை.

ஆகவே அட்டையை எடுத்தால் பெயரை விடுங்கள், ஒலியை மட்டும் சொல்லுங்கள். குறிலுக்கு ஒரு விரல் சொடுக்கு, நெடிலுக்குக் கையை நீட்டி இழுப்பு. ‘அ’ என்று சொடுக்கி அணில் படம், ‘ஆ…’ என்று இழுத்து ஆட்டுப் படம். சொடுக்கத் தெரியாத விரல் என்றால் ஒரு கைதட்டு. இரண்டையும் பிள்ளையே செய்ய வேண்டும், நீங்கள் செய்து காட்டுவது முதல் நாளுக்கு மட்டும்.

ஆனா ஆவன்னா தேவையே இல்லையா என்றால், தேவைதான். விஜயதசமியில் ஏடு தொடக்கும்போது அரிசியில் விரல் பிடித்து எழுதுவிப்பவர் அந்தப் பெயரைத்தான் சொல்வார். பின்னாளில் “இதை எப்படி எழுதுவது?” என்று பிள்ளை கேட்கும்போது பெயர் சொல்லித்தான் எழுத்துக் கூட்டுவோம். ஒலி நிலைத்த பிறகு பெயர் வந்தால் குழப்பம் இல்லை. பெயர் முந்தி வந்ததுதான் உங்கள் வீட்டில் நடந்த சிக்கல்.

கேள்வி: எங்கள் முன்பள்ளிக்கு நாங்களே அட்டை செய்கிறோம். மாரி காலத்தில் எல்லாம் வளைந்து பூஞ்சணம் பிடித்துவிடுகிறது. போதாததற்கு, பிள்ளைகள் அட்டையின் முதுகைப் பார்த்தே எழுத்தைச் சொல்லிவிடுகிறார்கள்! — ஆசிரியைகள், வாழைச்சேனை

இரண்டாவது சிக்கலை முதலில் தீர்ப்போம். பால்மாப் பெட்டி மட்டையில் வெட்டியிருப்பீர்கள். ஒரு துண்டின் முதுகில் பெட்டிப் படத்தின் ஒரு மூலை இருக்கும், இன்னொன்றில் சிவப்புக் கோடு. பிள்ளைகள் அதைத்தான் படிக்கிறார்கள். வெள்ளை பிறிஸ்டல் போட் என்றாலும் தடித்த மார்க்கரால் நேரே எழுதினால் மை மறுபக்கம் ஊறி எழுத்து நிழலாகத் தெரியும். எழுத்தைத் தனிக் கடதாசியில் எழுதி மட்டையில் ஒட்டுங்கள். முதுகுக்கு எல்லா அட்டையிலும் ஒரே நிறக் கடதாசி, கடும் நீலமோ மண்ணிறமோ. மஞ்சள் வேண்டாம், அதில் விரல் அழுக்குத் தெரிந்து அதுவும் ஓர் அடையாளமாகிவிடும்.

அளவு: ஏ4 தாளை நீளத்தில் மூன்று, அகலத்தில் மூன்று என்று பிரித்தால் 7 சென்ரிமீற்றர் அகலமும் 9.9 சென்ரிமீற்றர் உயரமும் உள்ள ஒன்பது அட்டை வரும். மூன்று தாளில் 27. பன்னிரண்டு உயிர் இரண்டிரண்டாக 24, ஆய்தம் ஒன்று, ஆக 25. மிச்சம் இரண்டு வெற்று அட்டைகளையும் அதே முதுகோடு செய்து வையுங்கள், ஒன்று தொலைந்தால் அதில் எழுதலாம். பிறகு புதிதாகச் செய்தால் முதுகின் நிறம் ஒருபோதும் ஒத்துப்போகாது. எழுத்து 4 முதல் 5 சென்ரிமீற்றர் உயரம் இருக்கட்டும். அடியில், விளிம்பில் இருந்து ஒரு சென்ரிமீற்றர் மேலே, தடித்த கோடு ஒன்று கீறுங்கள். அதைப் பார்த்துப் பிள்ளை அட்டையை நேராகப் பிடிக்கப் பழகும். அந்தக் கோடு இல்லாவிட்டால் தலைகீழாகக் கிடக்கும் எழுத்தைப் புது எழுத்தென்று நினைக்கும்.

ஒட்டுவதற்குக் கோதுமை மாப் பசை வேண்டாம். அது மாரியில் ஈரத்தை இழுக்கும், பூஞ்சணமும் கரப்பானும் அதைத்தான் தேடி வரும். பைண்டர் கம் மெல்லிசாகப் பூசி, ஒட்டிய உடனே இரண்டு பலகைக்கு நடுவே வைத்து, மேலே கனமான புத்தகங்களை ஏற்றி ஒரு இரவு விடுங்கள். வளைவதற்குப் பெரும்பாலும் காரணம் ஒரு பக்கம் மட்டும் கடதாசி ஒட்டுவதுதான். ஈரம் காயும்போது அந்தப் பக்கம் சுருங்கி இழுக்கும். இரு பக்கமும் ஒட்டினால் இழுவை சமமாகிவிடும்.

லமினேட் செய்வதானால் முதலில் அட்டைகளை வெட்டி, உறைக்குள் இடைவெளி விட்டு அடுக்கி, சூடேற்றிய பிறகு சுற்றிலும் 3 மில்லிமீற்றர் பிளாஸ்ரிக் விளிம்பு விட்டு வெட்டுங்கள். முழுத்தாளை லமினேட் செய்துவிட்டுப் பிறகு துண்டாக வெட்டினால் நான்கு ஓரமும் திறந்து கிடக்கும். வாவிக் காற்றின் ஈரம் அந்த வழியாகப் போய் ஒரே மாரியில் உள்ளே கறுத்துவிடும். மூலைகளை வட்டமாக நறுக்குங்கள், லமினேட் மூலை கண்ணைக் கீறும். பாவித்து முடிந்ததும் மூடி இறுகிய டப்பாவில் போடுங்கள். பொலித்தீன் பைக்குள் ஈரக்கையோடு எடுத்த அட்டையைக் கட்டி வைப்பதுதான் பூஞ்சணத்துக்கு நல்ல இடம்.

கேள்வி: கடையில் வாங்கிய படங்களோடு எழுத்துப் பொருத்தும்போது பிள்ளைகள் எல்லாம் மாறிச் சொல்கிறார்கள். — முன்பள்ளி ஆசிரியை, செங்கலடி

படம் சரி, எழுத்தும் சரி, வீட்டுச் சொல் வேறு. ‘எ’வுக்கு எலுமிச்சம்பழம் போட்டிருக்கும். எங்கள் பிள்ளைக்கு அது தேசிக்காய், ஆகவே ‘தே’ என்று தேடும். ‘இ’க்கு இறால் போட்டால் வாவிக்கரைப் பிள்ளைக்குத் தெரியாத பொருள் இல்லை, ஆனால் வாயில் வருவது ‘றால்’. ‘ஓ’வுக்கு ஓநாய் போட்டால் “நாய்” என்று சொல்லும். ‘ஊ’வுக்கு ஊதல் என்றால் அது விசில். ‘ஏ’க்கு ஏர் பொருத்தமான சொல்தான், ஆனால் அம்பாறை வயல்களில் இன்றைய பிள்ளை கண்டிருப்பது ட்ரக்டர்.

ஒரு படத்தை அட்டையில் ஏற்றுவதற்கு முன் நாலைந்து பிள்ளைகளிடம் எழுத்தில்லாமல் காட்டி “இது என்ன?” என்று மட்டும் கேளுங்கள். எல்லோரும் ஒரே சொல்லைச் சொன்னால் எடுங்கள், இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள். எங்கள் பக்கம் பெரும்பாலும் நிற்கும் படங்கள்: அணில், ஆடு, இலை, ஈ, உரல், ஊஞ்சல், எலி, ஏணி, ஓணான். எருமையும் நல்ல படம்தான், ஆனால் கறுப்பு மாடு என்று சொல்லாதபடி கொம்பை வளைத்து வரைய வேண்டும். ‘ஐ’க்கு ஐந்து விரலைக் காட்டலாம். ‘ஔ’வுக்கு ஔவையாரைப் போட்டால் எல்லாப் பிள்ளையும் “அம்மம்மா” என்றுதான் சொல்லும். ‘ஔ’ முன்பள்ளியில் அவசரம் இல்லாத எழுத்து, கடைசிக்கு விடுங்கள். தமிழ் வீட்டில் ‘அ’வுக்கு அம்மாவின் படம் ஒட்டலாம். முஸ்லிம் வீட்டில் அதே படம் ‘உ’வுக்குப் போகும், உம்மா!

மெய்யெழுத்துக்கு முதல் ஒலி விளையாட்டு சரிவராது. தமிழ்ச் சொல் மெய்யில் தொடங்குவதில்லை. ட, ண, ர, ல, ழ, ள, ற, ன முதலிலேயே வருவதில்லை (டயர், ரயர் என்று இரண்டு விதமாக எழுதும் இரவல் சொற்களை ஆரம்பத்தில் தொடாதீர்கள்). அங்கே நடுவிலும் முடிவிலும் வரும் ஒலியைப் பிடியுங்கள்: கொக்கு, சங்கு, ஊஞ்சல், பட்டம், நண்டு, வாத்து, பந்து, கப்பல், பாம்பு, நாய், தேர், பல், செவ்விளநீர், தேள், காற்று, மீன். ‘ச்’சுக்கு பச்சை நிறத்தைப் பூசிவிட்டாலே போதும். ‘ழ்’க்கு யாழ் படம் எல்லாப் பிள்ளைக்கும் தெரியாது, முன்பள்ளியில் ழ் இல்லாமலே விளையாடலாம்.

கேள்வி: “பிள்ளைக்குக் காட்ஸ் பழக்குறியா?” என்று மாமி ஏசுகிறா. என்ன சொல்வது? — காத்தான்குடி

மாமி பயப்படுவது பணம் வைத்து ஆடும் காட்ஸுக்கு. இதில் பந்தயமும் இல்லை, துருப்பும் இல்லை. சொல்லி விளங்க வைப்பதை விட ஒன்றைச் செய்து பாருங்கள். பிங்கோ விளையாட்டில் எழுத்துச் சொல்லும் வேலையை மாமியிடம் கொடுங்கள். ஒன்பது கட்டப் பலகை ஒவ்வொருவருக்கும் ஒன்று, மாமி கையில் அட்டைக்கட்டு. அவ ஒலியைச் சொல்ல, பிள்ளை தன் பலகையில் தேடி மூடட்டும். ‘மட்டை விளையாட்டு’ என்று பெயரை மாற்றிவிட்டாலும் பாதிப் பிரச்சினை போய்விடும். இந்தக் கேள்வி ஒரு தமிழ் வீட்டில் இருந்தும் வந்தது என்பதையும் மாமியிடம் சொல்லுங்கள்.

கேள்வி: மாறி மாறி அட்டை போட்டு, ஒரே எழுத்து வந்தால் கையால் அடிக்கும் விளையாட்டில் ஜோடியே வருவதில்லை. பிள்ளைகள் சலித்துப் போகிறார்கள். — தகப்பன், சம்மாந்துறை

ஜோடி தேடும் கட்டை அப்படியே எடுத்து விளையாடுகிறீர்கள் போலிருக்கிறது. பன்னிரண்டு எழுத்து இரண்டிரண்டாக உள்ள 24 அட்டையை ஒரு முறை போட்டு முடிக்கும்போது ஒரே எழுத்து அடுத்தடுத்து விழுவது சராசரியாக ஒரே ஒரு தரம்தான். ஆறு எழுத்து நான்கு நான்காக 24 அட்டை என்றால் மூன்று தரம். நான்கு எழுத்து ஆறு ஆறாக என்றால் ஐந்து தரம். நான்கு வயதுக்குக் கடைசிக் கணக்கு, ஐந்து வயதுக்கு நடுக்கணக்கு.

கைக்குக் கை அடிபடுவதால் அழுகை வரும். நடுவில் ஒரு சிரட்டையைக் கவிழ்த்து வையுங்கள், ஜோடி விழுந்தால் சிரட்டையை எடுப்பவருக்கு அட்டை. எடுத்தவர் ஒலியைச் சொல்லாவிட்டால் மற்றவருக்குப் போய்விடும். இந்தத் தண்டனையைச் சேர்த்த பிறகுதான் இது எழுத்து விளையாட்டாகிறது. அதுவரை அது வெறும் கைவேகம். மெதுவான பிள்ளைக்கு இந்த விளையாட்டையே கொடுக்காதீர்கள், அவருக்கு அடுத்த பதிலில் உள்ளது பொருந்தும்.

கேள்வி: வீட்டில் எட்டு வயதும் ஐந்து வயதும். இருவரையும் சேர்த்து விளையாட வைக்க ஏதாவது இருக்கிறதா? சின்னவள் தோற்றால் ஊரே கூடும். — களுவாஞ்சிக்குடி

ஞாபகத்தாலோ வேகத்தாலோ வெல்லாமல் அதிர்ஷ்டத்தால் வெல்லும் விளையாட்டே உங்கள் வீட்டுக்கு. அதில் மிகப் பொருத்தமானது ஆய்தம். உயிரெழுத்து 24 அட்டையோடு ஃ ஒன்றே ஒன்று. எல்லா அட்டையையும் பங்கிடுங்கள். மூன்று பேர் என்றால் 8, 8, 9. கையில் ஜோடி இருந்தால் ஒலியைச் சொல்லிக் கீழே வைக்கலாம். பிறகு வட்டமாக, பக்கத்தில் இருப்பவரின் கையில் இருந்து பார்க்காமல் ஒன்றை உருவ வேண்டும். ஜோடி சேர்ந்தால் கீழே, சேராவிட்டால் கையோடு. கடைசியில் எல்லா எழுத்தும் துணையோடு போய்விட ஃ மட்டும் ஒருவர் கையில் மிஞ்சும். அவரைத் தோற்றவர் என்று சொல்லாமல் ‘அடுத்த ஆட்டத்துக்குக் கலக்குபவர்’ என்று வைத்தால் ஊர் கூடாது. எஃகு என்று ஒரு சொல்லைக் காட்டி ஆய்தத்தைப் படிப்பிப்பதை விட இந்த வயதில் அதற்கு இதுவே நல்ல வேலை.

ஐந்து வயதுக் கைக்கு எட்டு அட்டை அதிகம், விசிறி போலப் பிடிக்க வராமல் எல்லாம் முன்பக்கம் தெரியும். எட்டு எழுத்தோடு ஆய்தம் சேர்த்து 17 அட்டையாகக் குறையுங்கள். முட்டை மட்டையைக் கவிழ்த்து, மேடுகளின் உச்சியில் கத்தியால் நீளமாகக் கீறிவிட்டால் அட்டைகளைச் செருகி நிறுத்தலாம். பிள்ளை அதற்குப் பின்னால் இருந்து விளையாடும்.

இன்னொன்று கேட்டு வாங்கும் விளையாட்டு. 24 அட்டையில் இருவருக்கு ஐந்தைந்து, மிச்சம் 14 நடுவில் குவியல். குவியலுக்கு ‘வாவி’ என்று பெயர் வையுங்கள். “உன்னிடம் ‘இ’ இருக்கா?” என்று ஒலியால் கேட்க வேண்டும். இருந்தால் கொடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் “வாவியில பிடி!” என்று சொல்ல வேண்டும். மூத்தவருக்கு மட்டும் ஒரு கூடுதல் விதி: ஜோடி வைக்கும்போது அந்த எழுத்தில் தொடங்கும், அன்று யாரும் சொல்லாத ஒரு சொல்லைச் சொல்ல வேண்டும். அதனால் எட்டு வயதுக்கும் சலிக்காது.

வேண்டுமென்றே தோற்றுக்கொடுப்பதைப் பிள்ளை சீக்கிரம் கண்டுபிடித்துவிடும். ஜோடி தேடும்போது எல்லோரும் ஒரு பக்கமாக நின்று விளையாடுங்கள். ஆறு ஜோடிக்குப் பன்னிரண்டு கற்களை எடுத்து வைத்து, தவறாகப் புரட்டிய ஒவ்வொரு தரமும் ஒரு கல்லை அகற்றுங்கள். கற்கள் முடியுமுன் ஜோடிகள் முடிந்தால் எல்லோருக்கும் வெற்றி.

கேள்வி: தரம் 2இல் படிக்கும் மகன் ‘ஒண்டு’, ‘கண்டுக்குட்டி’ என்று எழுதுகிறான். பழம், பளம் வித்தியாசமும் இல்லை. இதற்கும் அட்டை விளையாட்டு உண்டா? — திருக்கோவில்

உண்டு, ஆனால் இங்கே மட்டும் எங்கள் பொது விதியைக் கொஞ்சம் மாற்ற வேண்டும். ஒலியைக் கேட்டு எழுத்தைத் தேடு என்று சொன்னால் மகன் ‘ஒண்டு’ என்றுதான் எழுதுவான், ஏனென்றால் நாங்கள் பேசுவது அப்படித்தான். ஒன்று, கன்று, பன்றி எல்லாம் வாயில் ஒண்டு, கண்டு, பண்டி. ழவும் ளவும் எங்கள் பேச்சில் பெரும்பாலும் ஒன்றாகவே ஒலிக்கின்றன. கவனக்குறைவு என்று அடித்து ஒரு பயனும் இல்லை. இந்த இடத்தில் கண்தான் உதவும்.

மெல்லினத்துக்கு ஆறு சொல்லட்டை செய்யுங்கள்: சங்கு, இஞ்சி, நண்டு, பந்து, பாம்பு, கன்று. ஒவ்வொன்றிலும் புள்ளி வைத்த எழுத்து நிற்கும் இடத்தைச் சதுரமாக வெட்டி எடுத்துவிடுங்கள். ங், ஞ், ண், ந், ம், ன் என்ற ஆறு சிறு அட்டை தனியே. அடுத்து நிற்கும் எழுத்தைப் பார்த்துத்தான் பிள்ளை ஓட்டையை நிரப்ப வேண்டும். கவுக்கு ங், சவுக்கு ஞ், டவுக்கு ண், தவுக்கு ந், பவுக்கு ம், றவுக்கு ன். இந்த ஆறு ஜோடியும் பெரும்பாலும் மாறாதவை. ‘று’ பக்கத்தில் நின்றால் இரண்டு சுழி, ‘டு’ பக்கத்தில் நின்றால் மூன்று சுழி என்று கண் பழகிவிட்டால் ‘ஒண்டு’ தானாகக் குறையும். கன்றுக்குப் படம் போடும்போது வாழைக்கன்றையும் மாட்டுக்கன்றையும் சேர்த்தே போடுங்கள்.

ழ–ளவுக்கு இரண்டு டப்பா. பழம், மழை, வாழை, கிழங்கு ஒரு டப்பாவுக்கு, பள்ளி, வெள்ளி, உள்ளி, கிளி, தேள் மற்றதற்கு. ஒரு விதியைக் கொடுத்துவிடலாம்: ழ ஒருபோதும் இரட்டிக்காது. இரட்டித்து வந்தால் அது ளவோ லவோதான். மிச்சம் எல்லாம் பார்த்துப் பார்த்துப் பழகுவதே. ல–ளவுக்கு மட்டும் காது உதவும்: பல்லி–பள்ளி, புலி–புளி, ஒலி–ஒளி, கலை–களை. இவற்றைச் சொல்லிக் கேட்டு எடுக்க விடலாம்.

கேள்வி: மகள் கெ, கொ எல்லாவற்றையும் குழப்புகிறாள். 216 உயிர்மெய்க்கும் அட்டை வெட்ட வேண்டுமா? — தரம் 1 மாணவியின் தாய், நிந்தவூர்

வேண்டாம். குழப்பத்தின் காரணம் இது: ‘கெ’ என்று சொல்லும்போது க் முந்தியும் எ பிந்தியும் ஒலிக்கின்றன, எழுதும்போது கொம்பு முந்திக்கொள்கிறது. எ, ஏ, ஐ ஆகியவற்றின் குறி இடப்பக்கம் மட்டும் நிற்கும், ஒ, ஓ, ஔ ஆகியவற்றின் குறி இரு பக்கமும் நிற்கும். இடமிருந்து வலமாகப் படிக்கப் பழகிய பிள்ளை கொம்பில் தடக்கி நிற்கிறது.

12 சென்ரிமீற்றர் நீள மட்டைப் பட்டி ஒன்றை வெட்டி, நடுவில் எழுத்துத் தெரியும் அளவுக்கு ஒரு ஜன்னல் திறந்து, ஜன்னலுக்கு இடப்பக்கம் கொம்பும் வலப்பக்கம் அரவும் எழுதுங்கள். இதை ‘க’ அட்டையின் மேல் வைத்தால் கொ, ‘ப’வின் மேல் வைத்தால் பொ. இரட்டைக் கொம்போடு இன்னொரு பட்டி, கொம்பு மட்டும் உள்ளது ஒன்று. பிள்ளை ஜன்னலில் தெரியும் எழுத்தை முதலில் தொட்டு ஒலிக்க வேண்டும், பிறகே குறியைப் பார்க்க வேண்டும். தொடாமல் படித்தால் பழைய தடக்கல் திரும்பும். கௌவின் வால் ளவைப் போலவே இருப்பதால் அதை ‘கெள’ என்று படிக்கும், அதைப் பிறகு பார்க்கலாம்.

உ வரிசைக்குப் பட்டி உதவாது, ஒவ்வொன்றும் வேறு உருவம். ஆனால் மூன்று குடும்பமாகப் பிரியும்: சு, பு, யு, வு ஒன்று; கு, டு, மு, ரு, ழு, ளு ஒன்று; து, நு, ணு, லு, று, னு மற்றது. பதினாறு அட்டையைக் கலந்து கொடுத்து மூன்று குவியலாகப் பிரிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: அப்பா ‘லை’, ‘னை’ இரண்டையும் தும்பிக்கை வைத்த பழைய உருவில் அட்டையில் எழுதித் தந்திருக்கிறார். பாவிக்கலாமா? — கல்லடி

பிள்ளையின் பாடப் புத்தகத்தில் உள்ள உருவம் மட்டுமே அட்டையில் இருக்கட்டும். தமிழ்நாட்டில் 1978இல் வந்த எழுத்துச் சீர்திருத்தத்தில் மாறிய 13 எழுத்துகளில் ணை, லை, ளை, னை நான்கும் அடக்கம். அப்பாவின் அட்டைகளை வாசிக்கப் பழகிய பிறகு எடுத்துக் காட்டுங்கள்.

கேள்வி: பேத்தி மத்ரஸாவில் அலிஃப், பா ஓதுகிறாள். முன்பள்ளியில் அ, ஆ. வீட்டில் தாய் ஏ, பி, சி. மூன்றையும் ஒரே கட்டாக விளையாடலாமா? — அக்கரைப்பற்று

மூன்றும் படிக்கலாம், ஒரே கட்டாக வேண்டாம். மூன்று கட்டு, மூன்று நிற முதுகு. ஒரு அமர்வுக்கு ஒரு மொழி. அரபு வலமிருந்து இடமாகப் போவதால் அட்டைகளை வரிசையாக அடுக்கும்போது தொடங்கும் பக்கத்தில் பச்சைக் கடதாசித் துண்டு ஒன்றை வைத்துவிடுங்கள். தமிழுக்கு அது இடப்பக்கம் போகும்.

அரபில் பா, தா, ஸா மூன்றும் ஒரே தோணி உருவம், புள்ளிதான் வேறு: பாவுக்குக் கீழே ஒன்று, தாவுக்கு மேலே இரண்டு, ஸாவுக்கு மேலே மூன்று. நெடுங்கணக்கில் இவை அடுத்தடுத்து வருவதால் எல்லோரும் சேர்த்தே கொடுத்துவிடுகிறார்கள். அட்டையில் பாவை அலிஃபோடும் மீமோடும் சேர்த்துத் தொடங்கி, மற்ற இரண்டையும் பிந்திக் கொண்டு வாருங்கள். ஆங்கிலத்தில் பெரிய எழுத்துக்குச் சின்ன எழுத்தைப் பொருத்தும் விளையாட்டில் சி, ஓ, எஸ், வி, டபிள்யூ, எக்ஸ், இஸட் ஏழும் ஒரே உருவம். முதல் நாளுக்கு நம்பிக்கை தருவதற்கு அவை, மற்றபடி அவற்றில் படிப்பதற்கு எதுவும் இல்லை. சின்ன பி (b), சின்ன டி (d) இரண்டும் ஒன்றின் கண்ணாடி உருவம் மற்றது. அட்டையின் அடிக்கோடு இல்லாமல் அவற்றைக் கொடுக்கவே கூடாது.

கேள்வி: ஐந்து வயது முடிந்தும் ஒரே மாதிரி இரண்டு அட்டையைப் பொருத்த முடியவில்லை. பயப்பட வேண்டுமா? — பொத்துவில்

எழுத்தின் ஒலி தெரியாவிட்டால் பயம் வேண்டாம், பழக்கினால் வரும். எழுத்தைத் திருப்பி எழுதுவதும் இந்த வயதில் சாதாரணம். ஆனால் நிமிர்த்தி வைத்த ஒரே உருவ அட்டைகளைப் பொருத்த முடியாவிட்டால், அல்லது அட்டையை மூக்குக்குக் கிட்டக் கொண்டு போய்ப் பார்த்தால், முதலில் கண்ணைச் சோதியுங்கள். ஒலியைத் திருப்பிச் சொல்வதில் தடுமாறினால் காதையும். தரம் 1இல் பாடசாலை மருத்துவப் பரிசோதனை நடக்கும்போது இதைச் சொல்லுங்கள், அதுவரை காத்திருக்க முடியாவிட்டால் அரச வைத்தியசாலைக் கண் கிளினிக்குக்குக் கூட்டிப் போகலாம்.

கேள்வி: பிங்கோவுக்குப் புளியங்கொட்டை வைத்து விளையாடுகிறோம். இரண்டு வயதுத் தம்பியும் கூடவே இருப்பான். பரவாயில்லையா? — மருதமுனை

கூடாது. புளியங்கொட்டை, சோகி, சோடா மூடி எல்லாமே அவன் தொண்டையில் சிக்கும் அளவு. விளையாட்டுப் பொருள்களைச் சோதிக்கப் பாவிக்கும் உருளையின் விட்டம் 31.7 மில்லிமீற்றர். அதற்குள் முழுதாக அடங்கும் எதுவும் மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு ஆபத்து. தடித்த மட்டையில் 5 சென்ரிமீற்றர் சதுரமாக வெட்டி அதையே மூடிகளாகப் பாவியுங்கள். தம்பிக்கும் நாலைந்து சதுரத்தைக் கையில் கொடுத்துவிடுங்கள். சப்பி ஊறிய மட்டை பிய்ந்து துண்டு துண்டாக வாய்க்குள் போகும், ஆகவே ஊறியதை உடனே வாங்கிக் காய்ந்ததைக் கொடுக்க வேண்டும்.